அல்

மாஜரின் டப்பாவில் கடல்நீர் ஊற்றி
அதற்குள் அதைப் போட்டு
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார் மஹ்சூன்.
சீனன்குடா வளைவில் தளும்பியதாம்.
சாரத்தில் உப்புக் காய்ந்து
ஒரு தீவு போலிருந்தது.

“மூடிய மெல்லத் திறங்க தங்கச்சி.
காத்துப் பட்டாத் தோல் உரியுது,
வெங்காயம் மாதிரி.”

கடலட்டைக்கு இறங்குகிறவர்.
பதினொரு பாகத்தில், மணலில்,
அட்டையென்று கைவைத்தது
பெருவிரலை அறுத்திருக்கிறது.
பிளாஸ்டர் இன்னும் இருந்தது.

கோட்டைக்குள் எங்கள் கந்தோர்.
பதிவேட்டில் முதற்கட்டம்: பொருள்.
கண்ணாடி, என்று எழுதினேன்.
நிறம்: நீலம்.
எழுதியபின் பார்த்தேன்,
நீலம் என்பது போதவில்லை.
கச்சான் காற்று நின்ற பிற்பகலில்
குடாவின் நடுவே
கப்பல்கள் ஆழம் தேடும் இடத்தில்
தண்ணீர் வைத்திருக்கும் நிறம்.
அதைச் சுற்றி மயிரிழைச் சிவப்பு,
அதற்கும் வெளியே
பொன் இருந்து போன தடம்.
கட்டமோ ஒரு விரலகலம்.
நீலம் என்றே விட்டுவிட்டேன்.

“அத்தர்ச் சீசாவோ, பள்ளி விளக்கோ?”

திருப்பினேன். விளிம்பில் ஒரு காது,
சங்கிலி கோர்க்கும் அளவு.
“விளக்கு” என்றேன்.
அவர் முகத்தில் ஏதோ ஏற்றப்பட்டது.
எந்தப் பள்ளிக்குப் போயிருக்கும்,
யார் காத்திருந்திருப்பார்கள் என்று
அவர் கேட்டுக்கொண்டே போக
நான் சொல்லாமல் விட்டது இது:
உடைந்த பிறகுதான் இது கப்பலேறியிருக்கலாம்.
திரும்ப உருக்குவதற்கு
நிறுத்து வாங்கிய ஓட்டைக் கண்ணாடி,
கூடை கூடையாய்.
யாரும் காத்திருக்கவில்லை.
எழுநூறு வருடமோ, அறுநூறோ,
அதுவும் எனக்குத் தெரியாது.

பொன்தடத்துக்குள் இரண்டு நெடுங்கோடுகள்.
இரண்டாவது, அடியில் இடப்பக்கம் வளைந்து
அடுத்ததைத் தொடப்போகும் இடத்தில்
உடைவு.

“அலிஃப். லாம்” என்றார்.
“மிச்சம் கடலுக்க.”

“என்ன பொருள்?”

“அல் எண்டா ஒண்டுமில்ல தங்கச்சி.
பின்னால வாறதுதான் பேரு.
இது சும்மா
பேரு வருகுது எண்டு சொல்லுறது.”

எங்கள் மொழியில் அப்படியொரு சொல் இல்லை.
பெயர்கள் அறிவிப்பின்றி வந்துவிடும்.
ஆனால் அல் இருக்கிறது.
அல்லும் பகலும் என்கிறோமே,
அந்த அல்.
இரவு.
அல்ல என்று மறுக்கும்போதும்
அடியில் கிடப்பது அதுதான்.

விளக்கின் வயிற்றில்
இருள் என்று எழுதியிருக்கிறது,
எழுதியவனுக்குத் தெரியாமல்.

நான் இதைச் சொன்னேன்.
மஹ்சூன் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு சிரித்து,
“அப்ப ரெண்டு பேரும் பாதிதான் வாசிச்சிருக்கம்” என்றார்.

கரண்ட் போனது அப்போது.
கைபேசி வெளிச்சத்தை
டப்பாவின் அடியில் பிடித்தேன்.
மாஜரின் மஞ்சள் வழியாக
ஒரு அழுக்குப் பச்சைதான் கூரையில் விழுந்தது,
அதில் கண்ணாடிக்குள் சிக்கிய குமிழிகள்
புள்ளி புள்ளியாய் ஆடின.
அழகு என்று சொல்லமுடியாது.
இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
வாசலில் ஒரு கோட்டை மான்
உள்ளே தலைநீட்டி
விண்ணப்பப் படிவமொன்றைத் தின்றது.

பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
எழுந்தவர் போகவில்லை.

“டப்பா…
வீட்டுச் சாமான். கொண்டு போகாட்டி
அவ ஏசுவா.”

அலுமாரியைத் துழாவினேன்.
வேறெதுவும் இல்லை.
என் தேநீர்க் கிளாஸைக் கழுவி
கடல்நீரோடு அதை அதற்குள் இறக்கினேன்.
கண்ணாடிக்குள் கண்ணாடி,
டிங் என்று ஒரு சிறு சத்தம்,
அறிமுகம்போல.

விதிப்படி மேற்பரப்பைத் துடைத்து உலர்த்தி
கறுப்பு மையால் இலக்கம் இடவேண்டும்.
உலர்த்தினால் உரியும்.
இலக்கம் இல்லாவிட்டால் கணக்கில் இல்லை.
ஐந்து மணிவரை யோசித்தேன்.

நாளைக் காலை முதலில் வருகிறவர்
காவலாளி கனகேந்திரன்.
கண்ணாடி போடமாட்டார்,
தாகத்தோடு வருவார்.

ஒரு துண்டுக் கடதாசி கிழித்து
கிளாஸில் ஒட்டினேன்:

குடிக்க வேண்டாம்.